அழிப்பதற்கும் ஒரு முறை உண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் பாதிப் பேர் என்று தெரிகிறது. தலை இன்னும் காயவில்லை. வெளியே சாரல், உள்ளே மின்விசிறி, அடுத்து மதியச் சாப்பாடு. நடுவில் ஒரு என்ஜினியரின் பேச்சு. தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். நானும் இதே ஹாலில் நிறையத் தூங்கியிருக்கிறேன்.

சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீங்க பேசணும். ஏ.ஐ. பத்திப் பேசுங்களேன், பிள்ளைங்க ஆசையாக் கேப்பாங்க" என்றார். "டேட்டாபேஸில் ஒரு டேபிளைப் பத்திரமாக அழிப்பது எப்படி என்று பேசட்டுமா ஸார்?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அழிக்கிறதுக்கு ஒரு பேச்சா தம்பி? அது ஒரு பட்டன்தானே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு. ஒரு பட்டன்தான். அதுதான் ஆபத்து.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவர்களுக்காக இரண்டு நிமிடம். நம் கல்லூரி ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைப் பதிவேடு ஒன்று. அதில் ரோல் நம்பர், பெயர், தகப்பனார் பெயர், ஊர். கட்டணப் பதிவேடு இன்னொன்று. லைப்ரரி பதிவேடு மூன்றாவது. கட்டணப் பதிவேட்டில் மறுபடியும் பெயர், ஊர் எல்லாம் எழுத மாட்டார்கள். ரோல் நம்பரைப் போட்டுப் பணத்தை எழுதுவார்கள். யார் கட்டிய பணம் என்று தெரிய வேண்டுமானால் அந்த நம்பரை எடுத்துக்கொண்டு முதல் பதிவேட்டுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய இதுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதி இதற்கு அஸ்திவாரம் போட்டார். பதிவேடு என்று நான் சொன்னதுதான் டேபிள். ஒரு டேபிளில் இருக்கும் நம்பர் இன்னொரு டேபிளைச் சுட்டிக் காட்டுகிறதே, அதற்கு ஃபாரின் கீ என்று பெயர்.

இப்போது சேர்க்கைப் பதிவேட்டை யாரோ பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். கட்டணப் பதிவேடு அப்படியே இருக்கிறது. லைப்ரரி பதிவேடும் இருக்கிறது. ஆனால் 217 என்ற நம்பர் யார்? யாருக்கும் தெரியாது.

அழிப்பதில் மூன்று வகை உண்டு. டெலீட் என்றால் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வெளியே எடுப்பது. ட்ரங்கேட் என்றால் எல்லாச் சாமானையும் ஒரே அடியாக அள்ளிக் கொட்டிவிட்டு வெறும் வீட்டை விட்டுவைப்பது. ட்ராப் என்றால் வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்குவது. இன்று நான் பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றி.

"எதுக்கு அழிக்கணும், இருந்துட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. வேண்டாத டேபிள்கள் சேரச் சேரத் தினமும் எடுக்கும் பேக்கப் பெரிதாகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு எது உயிருள்ளது, எது செத்தது என்று தெரிவதில்லை. மற்றவர்களுடைய போன் நம்பரும் விலாசமும் காரணமில்லாமல் நம்மிடம் கிடக்கின்றன. நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ அது முடிந்த பிறகு, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழித்துவிட வேண்டும் என்கிறது. ஆகவே அழிக்கத்தான் வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2010-ல் இங்கிருந்து வெளியே போனேன். 2014-ல் சென்னையில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு, பி.எஃப். கணக்கு இவற்றுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் வேலை. வாடிக்கையாளர்களில் நம் பக்கத்துப் பீடி முதலாளி ஒருவரும் உண்டு. கடையம், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவது உங்களுக்குத் தெரியும். என் அம்மாவும் சுற்றினாள். சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி நூல் கட்டி, சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து வந்த காசில்தான் நான் இங்கே ஃபீஸ் கட்டினேன்.

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சர்வரில் இடம் போதவில்லை. பழைய டேபிள்களைத் தூக்கச் சொல்லி என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். 'ஓல்டு', 'டெம்ப்' என்று பெயரில் இருந்ததெல்லாம் பட்டியலில் இருந்தது. "யாராவது இதை யூஸ் பண்றீங்களா?" என்று அறையில் சத்தமாகக் கேட்டேன். யாரும் தலை நிமிரவில்லை. சரி, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு டேபிளில் அறுநூற்றுச் சொச்சம் வரிகள் இருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ட்ராப் அடித்தேன். ஒரு எர்ரர் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு பஸ் பிடித்து ரூமுக்குப் போய்விட்டேன்.

பதினொரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த டேபிளில் இருந்தது என்ன தெரியுமா? முன்பு ஒரு காலத்தில் அந்தப் பீடி முதலாளியின் நிர்வாகம் மாறியபோது தொழிலாளர்களுக்கெல்லாம் புது பி.எஃப். நம்பர் கொடுத்திருக்கிறார்கள். பழைய நம்பர் இது, புது நம்பர் இது என்கிற ஜோடிதான் அந்த டேபிள். தினசரி வேலைக்கு அது வேண்டாம். மாதக் கணக்குக்கும் வேண்டாம். பழைய ஆள் ஒருவர் வேலையை விட்டுப் பணம் கேட்டு வரும்போது மட்டும் வேண்டும்.

மறு வருஷம் ஆகஸ்டில் 58 வயதான ஓர் அம்மாள் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தார். 1995-ஆம் வருஷத்துத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் கிடைக்க வேண்டுமானால் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். புது நம்பரில் அவருக்கு ஏழு வருஷம்தான் இருந்தது. மீதி வருஷமெல்லாம் பழைய நம்பரில். பி.எஃப். அலுவலகத்தில் அந்தக் கணக்கு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய நம்பர் எது என்று முதலாளி தரப்பு சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் நான் அழித்த டேபிள். பேக்கப் முப்பது நாளுக்குமேல் வைப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புகார் வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எங்கேயாவது ஒரு காப்பி கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் அந்த அம்மாள் பஸ் ஏறி வந்து, ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, "அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாம் நாள்தான் மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அம்மாவிடம், "ஒரு பழைய டேபிளை அழிச்சுட்டேம்மா" என்றேன். விவரத்தைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ஏல, டேபிள் டேபிள்ங்கியே. அது எங்க நம்பர்லா!"

முதலாளியின் கிட்டங்கியில் பழைய சம்பளப் பதிவேடுகள் இருந்தன, பாதி கரையான் தின்றது. ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் தன் சொந்த நோட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று வாரம் உட்கார்ந்தோம். ஒரே பெயரில் ஏழெட்டு மாரியம்மாள், நாலைந்து பேச்சியம்மாள். எந்த மாரியம்மாள் எந்த நம்பர்? அம்மாவும் வந்து உட்கார்ந்து, "இவ மேலத் தெரு, அவ கல்யாணமாகி வந்தவ" என்று பிரித்துக் கொடுத்தாள். அந்த 58 வயது அம்மாளுக்கு நம்பர் கிடைத்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைத்தது. இரண்டு பேருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

நண்பர்களே, அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். சாரம் ஒன்றுதான்: திரும்பி வர முடியாத ஒரு அடியை, திரும்பி வரக்கூடிய பல சின்ன அடிகளாக உடைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் அடி: யார் இதை நம்பி இருக்கிறார்கள் என்று பார்ப்பது.

குற்றாலத்துப் பேரருவியில் நின்று பார்த்தால் தண்ணீரை உபயோகிப்பவர்கள் குளிக்கிறவர்கள் மட்டும்தான் என்று தோன்றும். ஆனால் அதே தண்ணீர்தான் சிற்றாறாக ஓடித் தென்காசியைத் தாண்டி, வழியெல்லாம் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் பிரிந்து, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. அந்தத் தண்ணீரை நம்பி நாற்று நட்டவர் அருவிக்கரையில் நிற்கவில்லை. எங்கோ இருக்கிறார். "யாராவது யூஸ் பண்றீங்களா?" என்று நான் அறைக்குள் கேட்டது, அருவிக்கரையில் நின்று விவசாயியைத் தேடியது மாதிரி.

ஃபாரின் கீ முறையாக எழுதியிருந்தால் டேட்டாபேஸே காவல் நிற்கும். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில், ஒரு டேபிளை இன்னொரு டேபிளோ, வியூ என்கிற பார்வையோ சார்ந்திருந்தால், ட்ராப் என்றவுடன் "முடியாது, உன்னை நம்பி இன்னார் இருக்கிறார்" என்று மறுத்துவிடும். இதற்கு ரெஸ்ட்ரிக்ட் என்று பெயர். அந்த மறுப்பைக் கண்டு எரிச்சல்படாதீர்கள். அது உங்களுக்குக் கிடைத்த இலவச ஆலோசனை. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், உடனே காஸ்கேட் என்ற வார்த்தையைச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். அப்படி அடித்தால் அதை நம்பியிருந்த வியூக்களையும், ஃபாரின் கீ கட்டுகளையும் கேட்காமலே சேர்த்துத் தூக்கிவிடும். மை எஸ்.க்யூ.எல்.-லில் இந்த இரண்டு வார்த்தைகளையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அவற்றால் ஒரு பலனும் கிடையாது. அங்கே ஃபாரின் கீ சோதனையையே அணைத்துவிட்டு அழிப்பவர்கள் உண்டு. அது நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே விடுவது.

எங்கள் டேட்டாபேஸில் ஃபாரின் கீயே கிடையாது. "வேகம் குறையும்" என்று யாரோ எப்போதோ போடாமல் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு ஒரு எர்ரரும் வரவில்லை. எர்ரர் வரவில்லை என்பதற்கு, யாரும் நம்பி இல்லை என்று அர்த்தமில்லை.

ஃபாரின் கீ இருந்தாலும் எல்லாம் தெரியாது. புரோகிராமுக்குள் எழுதிய கேள்விகள், மாதக் கடைசியில் தானாக ஓடும் வேலைகள், யாரோ ஒரு மேனேஜர் தன் எக்ஸெலில் கோத்து வைத்திருக்கும் ரிப்போர்ட், இதெல்லாம் டேட்டாபேஸுக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸில் வெறும் எழுத்தாக எழுதி வைக்கும் ஃபங்ஷனின் உள்ளே எந்த டேபிள் பெயர் இருக்கிறது என்பதையும் அது கவனிப்பதில்லை. ஆகவே எல்லா இடத்திலும் அந்தப் பெயரை நாம்தான் தேட வேண்டும். 2023-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 16-ஆம் பதிப்பிலிருந்து ஒரு டேபிளைக் கடைசியாக எப்போது படித்தார்கள் என்ற நேரத்தையே பார்க்கலாம். பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். என் டேபிளைப் பதினொரு மாதம் யாரும் தேடவில்லை.

இரண்டாம் அடி: இடிக்காமல் பூட்டுவது.

டேபிளின் பெயரை மாற்றுங்கள், அல்லது அதைப் படிக்கும் உரிமையை எல்லாரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். நம்பியிருக்கிறவர் யாராவது இருந்தால் சத்தம் போடுவார். சத்தம் வந்தால் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். ஒரு நுணுக்கம்: போஸ்ட்கிரெஸில் வியூ டேபிளைப் பெயரால் பிடிப்பதில்லை, உள் நம்பரால் பிடிக்கிறது. பெயரை மாற்றினாலும் அந்த வியூ ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பெயர் மாற்றி யாரும் கத்தவில்லை என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. வியூக்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நாள் பூட்டி வைப்பது? ஒரு வாரம் போதும் என்பார்கள். போதாது. அந்த டேபிள் சம்பந்தப்பட்ட வேலைக்கு ஒரு முழுச் சுற்று உண்டு. கணக்கு என்றால் மார்ச் 31 ஒரு தடவை கடந்து போக வேண்டும். கல்லூரி என்றால் ஒரு சேர்க்கை, ஒரு பட்டமளிப்பு. பென்ஷன் மாதிரி விஷயம் என்றால் அந்தச் சுற்று ஒரு மனுஷனின் வேலைக்காலம். அதைப் பூட்டிவைத்து அழிப்பதைவிட, வேறு இடத்தில் நிரந்தரமாகக் காப்பதே சரி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. என் சாதிச் சான்றிதழில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. 'பழைய மாவட்டம்' என்று எவராவது அந்த வரியைத் தூக்கினால், நம்மில் பாதிப் பேர் எங்கே பிறந்தோம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் அடி: பேக்கப் எடுப்பது, எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது.

எல்லாரும் முதல் பாதியைச் செய்வார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். உலகம் அறிந்த உதாரணம் ஒன்று. உலகம் முழுக்க புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு என்ஜினியர், காப்பி சர்வர் என்று நினைத்து, அசல் சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரையே அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜி.பி. போய் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், பேக்கப் பல நாளாக எடுபடவே இல்லை. டேட்டாபேஸ் 9.6-ஆம் பதிப்பு, பேக்கப் எடுக்கும் புரோகிராம் 9.2-ஆம் பதிப்பு. "பேக்கப் தோல்வி" என்று போன ஈமெயில்களும் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. அதே என்ஜினியர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது. நடுவிலிருந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான்.

பக்கத்தில் இலங்கையில், 2021 ஜூலையில், மருந்துகளைப் பதிவு செய்யும் தேசிய அதிகார சபையின் தகவல்கள் அரசாங்க கிளவுட் சர்வரிலிருந்து அழிந்துபோயின. விவகாரம் குற்றப் புலனாய்வுத் துறை, நீதிமன்றம் வரைக்கும் போனது. எந்த மருந்து பதிவானது, எது பதிவாகாதது என்பது ஒரு நாட்டின் நோயாளிகளின் காரியம். அதுவும் ஏதோ ஒரு டேபிளில்தான் இருக்கிறது.

ஆகவே, அழிக்கப் போகும் டேபிளை மட்டும் தனியாக எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிகளை எண்ணிப் பாருங்கள். இங்கே 617 என்றால் அங்கேயும் 617 வர வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப், திறந்து பார்க்காத ஊறுகாய் ஜாடி. உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது.

நான்காம் அடி: அழிக்கும் அந்த நிமிடம்.

எந்த சர்வரில் நிற்கிறோம் என்று முதலில் பாருங்கள். அசல் சர்வரின் திரைக்கு வேறு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளையை முன்பே எழுதி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லி, பிறகு ஓட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம். ஒன்றையொன்று சார்ந்த பல டேபிள்கள் என்றால் சார்ந்திருப்பதை முதலில், சாரப்படுவதைக் கடைசியில்.

போஸ்ட்கிரெஸிலும் எஸ்.க்யூ.எல். சர்வரிலும் ட்ராப்பை ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்து ஓட்டலாம். அழித்த பிறகு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லை என்றால் ரோல்பேக் சொன்னால் டேபிள் திரும்பி வந்துவிடும். மை எஸ்.க்யூ.எல்.-லிலும் ஆரக்கிளிலும் அந்தக் கதை நடக்காது. ட்ராப் என்றவுடன் அதுவே கமிட் செய்துவிடும். ஆரக்கிள் மட்டும் 10ஜி பதிப்பிலிருந்து ஒரு குப்பைத் தொட்டி வைத்திருக்கிறது. ட்ராப் செய்த டேபிள் அதில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பர்ஜ் என்ற வார்த்தையைச் சேர்த்து அடித்தால் தொட்டிக்கும் போகாது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் டேட்டாபேஸ் எந்த ஜாதி என்று தெரிந்துகொண்டு அழியுங்கள்.

இன்னொரு விஷயம் லாக். டேபிளை அழிக்க வேண்டுமானால் அந்த நிமிடம் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. சீசனில் அருவியில் தண்ணீர் அதிகமானால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றுவார் அல்லவா? உள்ளே ஒருவர் சோப்புப் போட்டு முடிக்கும் வரை அவரும் காத்திருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் வருகிற கூட்டமும் காத்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸிலும் அப்படித்தான். யாரோ ஒருவரின் நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ட்ராப் நிற்கும், அதே டேபிளுக்கு வரும் மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாக நிற்பார்கள். "சில விநாடிக்குள் இடம் கிடைக்காவிட்டால் திரும்பிவிடு" என்று லாக் நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

மாணவர்கள் இப்போது ஏ.ஐ.-யிடம் கட்டளை எழுதி வாங்குகிறீர்கள். தப்பில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்காவில், ரெப்ளிட் என்ற சேவையின் ஏ.ஐ. ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒருவரின் அசல் டேட்டாபேஸை அழித்துவிட்டது. போதாததற்கு, திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னது. அப்புறம் பார்த்தால் எடுக்க முடிந்தது. ஏ.ஐ. எழுதிக் கொடுக்கட்டும். அழிக்கும் அதிகாரத்தை அதன் கையில் கொடுக்காதீர்கள். செயலாளர் ஸார், ஏ.ஐ. பற்றியும் பேசிவிட்டேன்.

ஐந்தாம் அடி: எழுதி வைப்பது.

எதை, எப்போது, ஏன் அழித்தோம், யார் சம்மதித்தார், காப்பி எங்கே இருக்கிறது. நாலு வரி போதும். நாளைக்கு நாம் அந்த வேலையில் இருக்க மாட்டோம். வருகிறவர் நம்மைத் தேட முடியாது, நாம் எழுதியதைத் தேடலாம்.

இதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. தென்காசிக் கோவிலை பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்கே கல்லில் ஒரு பாட்டு வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோவிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை நான் வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. கட்டும்போதே, என்றைக்காவது குறை வரும் என்று ஒரு ராஜா ஒத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். குறை வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. மறுபடியும் ஒன்பது நிலையாக எழும்பி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் அதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, மாணவர்களுக்கு. இன்று வேலைக்காக சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. நம் ஊரில் உட்கார்ந்தே உலகத்தின் டேட்டாவைத் தொடப் போகிறீர்கள். தொடும்போது ஒருநாள் கை தவறும். எனக்குத் தவறியது, உங்களுக்கும் தவறும். அன்றைக்கு நான் செய்த மாதிரி இரண்டு நாள் ஒளித்து வைக்காதீர்கள். அந்த நிமிடமே சொல்லுங்கள். கிட்லேப் கம்பெனி நடந்ததை எல்லாம் உலகத்துக்கே எழுதி வெளியிட்டது. ஆளைப் பெயர் சொல்லித் தூற்றவில்லை, நம் நடைமுறையில் எங்கே ஓட்டை என்றுதான் எழுதினார்கள். நாளைக்கு நீங்கள் மேலதிகாரியாக உட்காரும்போது, உங்கள் கீழே வேலை பார்க்கும் பிள்ளை பயப்படாமல் வந்து சொல்லும்படி இருங்கள்.

நம்பர் கிடைக்காத இரண்டு பேர் என்று சொன்னேன். அதில் ஒருவர் எங்களுக்கு அடுத்த தெரு. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவரிடம் போய், "பெரியம்மா, உங்க பழைய நம்பரு போனது என்னாலதான்" என்று சொன்னேன். அவருக்கு டேபிள், டேட்டாபேஸ் எதுவும் புரியவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எம் பேரு மட்டுந்தான் போச்சா, வேற யாரு பேரும் போச்சா?"

"இன்னும் ஒருத்தங்க பேரு" என்றேன்.

"அவளையாவது பாரு" என்றார்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இன்னொருவருடைய பழைய பாஸ் புத்தகம் தென்காசியில் மகள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாகத் தகவல். நாளைக் காலையில் இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன்.

 சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.